பதினோராவது புத்தகத்தில் ஒரு சடை

குளிர்காலமான அந்த ஜூலை மாதம் நேலிதா பெந்தன்கோரின் மேசைக்கு வந்து சேர்ந்தவை பதினோரு புத்தகங்கள். எல்லாமே பேய்க்கதை, மாயக்கதை வகையறா. தலைநகர் மொந்தெவிதேயோவின் ஒரு வாரப் பத்திரிகையில் மாதம் ஒருமுறை ‘அண்மையில் படித்தவை’ என்று ஒரு பக்கம் எழுதுவது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக எழுதுகிறாள். அவளும் பேய்க்கதைக்காரிதான். நான்கு தொகுப்புகள் வந்திருந்தன. அடுத்து ஒரு பெரிய நாவல் வரப்போகிறது என்று ரொம்ப காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்பவர்கள் ‘எப்போது’ என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

கெரசின் அடுப்பைக் காலடியில் இழுத்து வைத்துக்கொண்டு, மாத்தே மூலிகைத் தேநீரைக் குடுவையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே, ஒவ்வொன்றாகப் படித்தாள். டிராகன்கள் வரும் மூன்று பாகக் கதை ஒன்று. அதில் இருந்த வரைபடம் அருமை, கதைதான் அந்த வரைபடத்துக்குள் வழி தெரியாமல் நின்றுவிட்டது. பைசாந்தூ என்ற ஊரில் ரத்தம் குடிக்கும் பல் டாக்டரைப் பற்றி ஒன்று; சிரித்துக்கொண்டே முடித்தவள், முடித்த பிறகு நாக்கால் தன் கடைவாய்ப் பல்லைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். செத்தவர்கள் செவ்வாய்க்கிழமைதோறும் தபால் நிலையத்துக்குக் கடிதம் வாங்க வரும் ஊர் ஒன்று. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததாலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. படிக்கும்போது அவள் மனசு எப்போதும் ஒரு சுங்க அதிகாரி மாதிரி. இது எங்கிருந்து வந்தது, யாருடைய பெட்டியிலிருந்து எடுத்தது என்று கிளறிக்கொண்டே போகும்.

பதினோராவது ரொம்ப மெலிசான புத்தகம். அட்டை பொட்டலம் கட்டுகிற காகிதம் போல இருந்தது. எழுதியவர் எடெல்மா லரோசா. படம் இல்லை. பின்னட்டையில் இரண்டே வரி: ‘வடக்கே பிறந்தவர், செர்ரோவில் வசிக்கிறார். இது முதல் புத்தகம்.’ மழை பெய்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அதைப் பிரித்தாள்.

மூன்றாவது கதையில் வெள்ளம். படகு தேடிப் போன அப்பா திரும்பவில்லை. அம்மா பிள்ளைகளோடு குடிசைக் கூரைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். குளிர். தூக்கத்தில் யாரும் நழுவித் தண்ணீரில் விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு பெண்களின் சடைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து முடிச்சுப் போடுகிறாள். விடிகிறபோது மூத்தவள் எழுந்திருக்கப் பார்க்கிறாள், தலை கனக்கிறது. சின்னவள் குளிரில் எப்போதோ போய்விட்டிருக்கிறாள். அம்மா கத்தவில்லை. மகனிடமிருந்து கத்தரியை வாங்கி, சின்னவளின் சடையை அறுக்கிறாள்.

நேலிதா புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடியும் எழுந்து போய், எழுதும் அறையில் பூட்டியிருந்த டிராயரைத் திறந்தாள். முப்பத்து நான்கு நோட்டுகள். தேட வேண்டிய அவசியமே இல்லை, எது என்று அவளுக்குத் தெரியும். கறுப்பு உறை போட்ட ஒன்பதாவது நோட்டு. இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆகஸ்ட். அவளுடைய கையெழுத்து:

‘வெள்ளம். தாய் இரு பெண்களின் சடைகளைச் சேர்த்து முடிச்சுப் போடுகிறாள். விடியலில் ஒன்றை அறுக்கிறாள். நாவலின் நடுவில் வர வேண்டும். யாரிடமும் சொல்லாதே.’

அந்தக் காட்சிக்காகத்தான் நாவலே. அதற்கு முன்னும் பின்னும் என்ன வருவது என்று தெரியாமல்தான் இத்தனை வருஷம் போனது. தன் மனசில் தோன்றியவற்றிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்று அவள் நம்பினாள். நல்ல நகையை விசேஷத்துக்கென்று பெட்டியில் வைத்திருப்பவள் மாதிரி வைத்திருந்தாள். இப்போது அதை வேறு ஒருத்தி போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறாள்.

யார் வழியாகப் போயிருக்கும்? விட்டுப் போன புருஷன் விளையாட்டுப் பக்கம் தவிர எதையும் படித்ததில்லை. முன்பெல்லாம் வியாழக்கிழமைகளில் கதை எழுதக் கற்றுக்கொள்ள வந்த மாணவர்கள் கழிப்பறைக்குப் போகும்போது எழுதும் அறையின் வாசலைக் கடந்துதான் போவார்கள். அவர்களில் ஒருத்தன் எப்போதும் அதிக நேரம் எடுத்துக்கொள்வான். ஆனால் ‘யாரிடமும் சொல்லாதே’ என்று எழுதியவளே ஒருவரிடம் சொல்லியிருந்தாள். வில்மார். முப்பது வருஷ நண்பன், அவனும் எழுத்தாளன்.

அவள் போன் செய்தாள். நலமா, மழையா என்று ஒன்றும் கேட்கவில்லை.

“எடெல்மா லரோசான்னு யாரையாவது தெரியுமா உனக்கு?”

வில்மார் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொன்னான். அப்படிச் சொன்னதை நேலிதா கவனித்தாள்.

“தெரியுமே. செர்ரோ நூலகத்துல நான் ரெண்டு வருஷம் கதைப் பட்டறை நடத்தினேன்ல? அதுல வந்த அம்மா. ஏன்?”

“நாளைக்கு நாலு மணிக்கு காபிக் கடைக்கு வா.”

மறுநாள் அவன் வந்து குடையை மடக்குவதற்குள்ளேயே அவள் புத்தகத்தை மேசைமேல் போட்டாள்.

“உன் மாணவி. உன் பட்டறை. என் சடை.”

வில்மார் புத்தகத்தைத் தொடவில்லை. “நேலி, நான் யார்கிட்டயும் சொல்லல.”

“அப்போ காத்துல பறந்து போச்சா?”

“அவ அந்தக் கதையைப் பட்டறைல வாசிச்சப்போ எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. அடடா, இது நேலி சொன்னதாச்சேன்னு நெனச்சேன்.”

“நெனச்சே. என்கிட்ட சொல்லல.”

“சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப? இப்போ பண்றதைத்தானே? அதான் சும்மா இருந்தேன். ஆனா அவகிட்ட கேட்டேன், இது எங்கேருந்து வந்துச்சுன்னு. ‘நடந்தது’ன்னா. அவ்வளவுதான் சொன்னா.”

“திருடினவ வேற என்ன சொல்லுவா?”

“உன் வீட்டுக்கு எத்தனையோ பேரு வந்து போயிருக்காங்க. நோட்டை யாராவது…”

“படிக்கத் தெரிஞ்சவங்க யாரும் அந்த ரூமுக்குள்ள தனியாப் போனதில்ல. நீ ஒருத்தன்தான்.”

வில்மார் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தான். அப்புறம் கரண்டியைக் கீழே வைத்தான். “ஒண்ணு கேக்கவா? கோவப்படாதே. உனக்கு அது எங்கேருந்து வந்துச்சு?”

“என் தலைக்குள்ளேருந்து!” என்றாள் நேலிதா. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். குடையை மறந்திருந்தாள். எடுக்கத் திரும்பிப் போகவில்லை.

அன்றைக்கு அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்து மாதப் பக்கத்தை எழுதி முடித்தாள். டிராகனுக்கு ஐந்து வரி, பல் டாக்டருக்குப் பத்து வரி, தபால் நிலையத்துப் பிணங்களுக்குக் கொஞ்சம் பாராட்டு. கடைசியில் எடெல்மா லரோசா. ‘இந்தப் புத்தகத்தின் மிகச் சிறந்த காட்சியை நான் முன்பே அறிவேன், அது பல வருஷமாக வேறொருவருடைய பூட்டிய டிராயரில் இருந்தது. முதல் புத்தகம் எழுத வருகிறவர்களுக்கு, அடுத்தவர் டிராயரைத் திறக்கக் கூடாது என்று பட்டறைகளில் சொல்லித் தர வேண்டும்.’

பத்திரிகை ஆசிரியர் ஏபெர் போன் செய்தார். “நேலிதா, இது பெரிய குற்றச்சாட்டு. ஆதாரம் இருக்கா?”

“நோட்டு இருக்கு. தேதி போட்டிருக்கு.”

“அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“திருட்டுங்கிறதைத் திருடினவங்ககிட்ட கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணுமா?”

“சரி. உங்க பேர்லதான வருது,” என்றார் அவர்.

வியாழக்கிழமை அது வந்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு செர்ரோ நூலகத்தில் அதே புத்தகத்துக்கு அறிமுகக் கூட்டம் என்று ஒரு மூலையில் விளம்பரமும் வந்திருந்தது. போக வேண்டாம் என்று இரண்டு நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சனிக்கிழமை இரண்டு மணிக்கு, நோட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, நகரத்தின் ஓரத்தில் இருக்கும் செர்ரோவுக்குப் போகும் பேருந்தில் உட்கார்ந்திருந்தாள். முகத்தைப் பார்த்துவிட வேண்டும். முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தாள்.

நூலகக் கூடத்தில் முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகள். வாசலருகே மேசையில், எண்ணெய் ஊறிய காகிதத்தின்மேல் சுடச்சுடப் பொரித்த மாவுப் பண்டம் அடுக்கியிருந்தது. மழை நாளென்றால் அங்கே அதுதான் வழக்கம். உள்ளே நுழைந்ததும் பேச்சுச் சத்தம் குறைந்தது. அவள் முகம் மாதம் ஒருமுறை பத்திரிகையில் தபால்தலை அளவுக்கு வருகிற முகம். ஒரு பெண்மணி மடியில் இருந்த பத்திரிகையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். இவர்களுக்கெல்லாம் தெரியும், எல்லோரும் ஒரே கூட்டு என்று நேலிதாவுக்குத் தோன்றியது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு பெண் வந்தாள். அறுபதைத் தாண்டியவள். கட்டை உருவம், வெள்ளை முடி, இடது காலில் கொஞ்சம் அழுத்தி நடக்கிற நடை. முகத்தைவிட முன்னால் அந்த நடையைத்தான் நேலிதா அடையாளம் கண்டாள். அந்த நடை எட்டு வருஷம் அவள் வீட்டுக் கூடத்தில் வாளியோடும் துடைப்பத்தோடும் போய் வந்த நடை.

போச்சா.

வீட்டு வேலைக்கு வந்தவளை எல்லோரும் அந்தச் செல்லப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். நேலிதாவும் அப்படித்தான் கூப்பிட்டாள். முழுப் பெயர் என்ன என்று எட்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

அவளுக்கு முதலில் வந்தது அதிர்ச்சி அல்ல, ஒரு நிம்மதி. அலைந்து திரிந்த சந்தேகத்துக்கு உட்கார ஒரு இடம் கிடைத்துவிட்டது. வீடு பெருக்கும்போது டிராயரைத் திறந்திருக்கிறாள், நோட்டைப் படித்திருக்கிறாள், அவ்வளவுதான். அவள் நாற்காலிகளுக்கு நடுவே நேராக முன்னால் போனாள்.

“வாங்க டோன்யா நேலிதா,” என்றாள் எடெல்மா, எஜமானியம்மாவைக் கூப்பிடும் பழைய மரியாதையோடு. “வருவீங்கன்னு நெனச்சேன்.”

“என் நோட்டை எப்போ படிச்சே, போச்சா?”

எடெல்மா கையிலிருந்த புத்தகத்தை மேசைமேல் வைத்தாள்.

“எந்த நோட்டு?”

“டிராயர்ல இருந்த நோட்டு. இதோ.” நேலிதா அதை எடுத்துப் பிரித்துக் காட்டினாள்.

எடெல்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து, நிதானமாக அந்த நாலு வரியையும் படித்தாள். படித்துவிட்டுத் தேதியையும் படித்தாள்.

“எழுதி வச்சிருந்தீங்களா?” என்றாள். குரல் மாறியிருந்தது. “அன்னிக்கே எழுதி வச்சிருக்கீங்க.”

“என்ன அன்னிக்கு?”

“அந்த டிராயரை நீங்க எப்பவும் பூட்டித்தான வைப்பீங்க, சாவி உங்க கழுத்துச் சங்கிலில. நான் அதை எங்கே திறக்கிறது? டோன்யா, நெஞ்சுல சளி கட்டி மூணு வாரம் படுத்துக் கெடந்தீங்களே, ஞாபகம் இல்லையா? அது ஆகஸ்ட்டு. ஐயா அப்போதான் வீட்டை விட்டுப் போயிருந்தாரு. பக்கத்துல வேற ஆளில்ல. நான் என் வீட்டுக்குப் போகாம உங்க கட்டில் பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு விட முடியல, பயமா இருக்கு, ஏதாவது பேசு, போச்சான்னீங்க. எனக்கு வேற என்ன கதை தெரியும்? இல்தாவைப் பத்திச் சொன்னேன்.”

“எந்த இல்தா?”

“என் தங்கச்சி. நான் சொல்லி முடிச்சதும் என் கையைப் பிடிச்சுட்டு அழுதீங்க.”

இவள் பத்திரிகையைப் படித்திருக்கிறாள், இரண்டு நாள் அவகாசம் இருந்திருக்கிறது, நன்றாக ஜோடித்திருக்கிறாள் என்று நேலிதாவின் மனசு இன்னமும் வாதாடியது.

“இப்போ கதை கட்டிச் சொல்றே நீ,” என்றாள். ஆனால் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

முதல் வரிசையில், முழங்கால்மேல் தொப்பியை வைத்துக்கொண்டு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். கிராமத்து ஆள், பண்ணை வேலை பார்த்துக் காய்ந்த கைகள். அவர் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்.

“கத்தரியை எடுத்துக் கொடுத்தது நான்தான் சென்யோரா.”

“என் அண்ணன், டார்டோ,” என்றாள் எடெல்மா. “வடக்கேருந்து வந்திருக்காரு.”

“எனக்கு ஒம்பது வயசு,” என்றார் டார்டோ. “ஆட்டு மயிர் வெட்டுற கத்தரி. கூரை முகட்டுல செருகி வச்சிருந்தோம். துருப்பிடிச்சது. எங்கம்மா கையிலேருந்து ரெண்டு தடவை நழுவிச்சு. மூணாவது தடவைதான் அறுந்துச்சு. இவ தலையில அந்த முடிச்சு பத்து இருபது நாளு அப்படியே தொங்கிட்டிருந்துச்சு, பிரிக்க விடமாட்டேன்னுட்டா.” தொப்பியை ஒரு சுற்று சுற்றினார். “பேப்பர்ல இது திருட்டுன்னு போட்டிருக்குன்னு பேத்தி படிச்சுக் காட்டினா. யாருகிட்டேருந்து யாரு திருடினதுன்னு எனக்குப் புரியல. இல்தா எங்க வீட்லதான செத்தா?”

நேலிதாவின் கையில் நோட்டு திறந்தபடி இருந்தது. அப்போதுதான் ஞாபகம் வந்தது. கதை அல்ல. முதலில் வந்தது ஒரு மணம், கட்டிலடியில் யூகலிப்டஸ் இலை போட்டுக் கொதிக்க வைத்த பானையின் ஆவி. அப்புறம் அந்த ஆவிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், அவசரப்படாமல், பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற குரல். வார்த்தைகள் நினைவில்லை. ஆனால் அந்தக் குரல் இந்தக் குரல்தான்.

காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்த முதல் நாளில் அவள் நோட்டைத் திறந்து அந்த வரிகளை எழுதியிருக்கிறாள். யார் சொன்னது என்று எழுதவில்லை. அப்போது எழுதத் தேவையிருந்ததாகத் தோன்றவில்லை. பிறகு, சொன்னவள் இருந்ததே மறந்துபோயிற்று.

“போச்சா,” என்றாள். அப்புறம், “எடெல்மா,” என்றாள்.

“உட்காருங்க டோன்யா,” என்றாள் எடெல்மா. “நான் வாசிச்சு முடிச்சிர்றேன், இவங்கல்லாம் காத்துட்டிருக்காங்க.”

யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள். டார்டோவுக்குப் பக்கத்து இருக்கை. எடெல்மா அந்தக் கதையை முழுவதும் வாசித்தாள். சடை அறுபடும் இடத்தில் டார்டோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேலிதாவுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, பண்டம் இருந்த காகிதங்களை எடெல்மா சுருட்டிக்கொண்டிருந்தாள். நேலிதா பக்கத்தில் போய் நின்றாள்.

“அன்னிக்கே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே, இது என் கதைன்னு.”

“சொல்ல என்ன இருக்கு? நீங்க எழுதுவீங்கன்னு நெனச்சேன். நீங்க எழுத்தாளர், நான் வாளி தூக்குறவ. உங்க கையில போனா இல்தா நல்லா இருப்பான்னு சந்தோஷப்பட்டேன். உங்க புத்தகம் ஒவ்வொண்ணு வரப்பவும் வாங்கி மொதல்லேருந்து கடைசி வரைக்கும் தேடுவேன், அவ இருக்காளான்னு. பெரிசு பெரிசா பேயெல்லாம் இருக்கும். அவ இருக்க மாட்டா.” காகிதத்தைக் கூடையில் போட்டாள். “அறுபது வயசுல பட்டறைக்குப் போனேன். அங்கே பார்த்தா வில்மார் ஐயா! எத்தனை காபி கொடுத்திருக்கேன் அவருக்கு உங்க வீட்டுல. ரெண்டு வருஷம் எதிர்ல உட்கார்ந்திருந்தேன், அவருக்கும் என்னைத் தெரியல.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் நேலிதாவை வாட்டியது.

“நான் எழுதினதை மாத்தி எழுதுறேன்.”

“எழுதுங்க,” என்றாள் எடெல்மா. “ஆனா எனக்காக எழுதுறேன்னு எழுதாதீங்க. எங்கண்ணனுக்காக எழுதுங்க. அவருதான் ரெண்டு நாளா சாப்பிடல.”

ஆசிரியர் ஏபெர், ஒரு மூலையில் இரண்டு வரி திருத்தம் போட்டால் போதும் என்றார். நேலிதா ஒத்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் மாதத்துப் பக்கம் முழுவதையும் கேட்டு வாங்கினாள். அதில் புது டிராகன் இல்லை, ரத்தம் குடிப்பவர் இல்லை. காய்ச்சலில் கிடந்தது, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள் சொன்னது, தான் பெயரில்லாமல் எழுதி வைத்தது, பிறகு அதைத் தன்னுடையது என்று நம்பியது, நம்பியதோடு நிற்காமல் உடைமைக்காரியையே திருடி என்று அச்சில் போட்டது என்று எல்லாவற்றையும் எழுதினாள். பாராட்டிச் சிலர் கடிதம் எழுதினார்கள். ‘இவள் எழுதிய மற்றவையெல்லாம் யாருடையவை?’ என்று ஒருவர் ஒரே வரி எழுதியிருந்தார். பாராட்டுக் கடிதங்களை அவள் மறந்துவிட்டாள். அந்த ஒரு வரி நின்றுவிட்டது.

நாவலை அவள் கைவிட்டாள். அதற்குப் பதிலாக முப்பத்து நான்கு நோட்டுகளையும் மேசைமேல் அடுக்கி, பென்சிலோடு உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் தங்கிவிட்ட குழந்தை, இது யார் சொன்னது? மீன்காரர். ராத்திரியில் தானாகத் தைக்கும் தையல் இயந்திரம்? புருஷனுடைய அத்தை. உப்புத் தின்னும் நாய்? தெரியவில்லை. தெரியவில்லை. தெரியவில்லை. சில நேரம் ஒரு வரி நிஜமாகவே அவளுடையதாகத் தோன்றும். அதைத்தான் அதிக நேரம் உற்றுப் பார்ப்பாள்.

வில்மார் அவளோடு பேச செப்டம்பர் ஆனது. காபிக் கடையில் இருந்து எடுத்து வைத்திருந்த அவளுடைய குடையோடு வீட்டுக்கு வந்தான். பழைய சண்டையைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்டவளைப் பேச விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

“எடெல்மாவைப் பார்த்தியா?” என்று கடைசியில் அவளே கேட்டாள். “நான் எழுதினதைப் படிச்சாளா?”

“படிச்சா.”

“என்ன சொன்னா?”

“இல்தா பேரை எழுத்துப்பிழை இல்லாம போட்டிருக்காங்கன்னா.”

“வேற?”

“வேற ஒண்ணும் சொல்லல நேலி. அண்ணனுக்கு ரெண்டு பிரதி அனுப்பினா, அவ்வளவுதான்.”

நேலிதா தலையசைத்தாள். மேசைமேல் இருபதாவது நோட்டு திறந்திருந்தது. அதில் கிணற்றடியில் தன் பெயரைத் தானே கூப்பிடும் ஒரு மனுஷனைப் பற்றிய வரியின்மேல் விரலை வைத்து, “இதை நீ எனக்குச் சொன்னியா?” என்று கேட்டாள். வில்மார் குனிந்து படித்தான். பக்கத்தின் மேலே இருந்த தேதியையும் பார்த்தான்.

“எனக்கும் தெரியல,” என்றான்.